வர்ச்சுவல் டீம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எதை வைத்து அளப்பது?

ரிவிஷன்_டி:

எல்லாருக்கும் வணக்கம். டிசைன் ஓரிடம், டூலிங் (உற்பத்திக்கான கருவிகள் செய்யும் பிரிவு) இன்னோரிடம், அசெம்பிளி ஆலை வேறொரு நாடு என்று சிதறிக் கிடக்கும் 23 பேருக்கு நான் லீட். எங்களுக்கும் ஆலைக்கும் 7 மணி நேர வித்தியாசம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வேலையில் இருப்பது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான், அதிலும் பாதி மீட்டிங்கில் போய்விடும்.

எங்கள் டைரக்டர் ஆறு வாரத்தில் "இந்த வர்ச்சுவல் டீம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒரே பக்கத்தில் காட்டு" என்கிறார். இப்போது இருப்பது ஒரு டாஷ்போர்டு. மீட்டிங்குக்கு எத்தனை பேர் வந்தார்கள், மெசேஜுக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது, வாரத்துக்கு எத்தனை டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) மூடினோம். போன காலாண்டு முழுக்க எல்லாமே பச்சை.

அதே காலாண்டில்தான் ஒரு வெல்டிங் ஃபிக்ஸ்சரை (வெல்டிங்கின்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பு) முழுதாக ஸ்கிராப் செய்தோம். டேட்டம் பி-யை, அதாவது அளவுகளை எடுக்கும் ஆதார இடத்தை, மில்லிங் செய்த முகத்திலிருந்து ஒரு துளைக்கு மாற்றலாம் என்று வீடியோ காலில் பேசினோம், எல்லாரும் தலையாட்டினோம், மீட்டிங் குறிப்பிலும் ஏறியது. டிராயிங்கில் மட்டும் ஏறவில்லை. டூலிங் ஆட்கள் டிராயிங்கின் பழைய பதிப்பான ரிவிஷன் சி-யைப் பார்த்துச் செய்து அனுப்பிவிட்டார்கள், பாகத்தைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் லொகேட்டிங் பின் 6 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்த வீடியோ காலுக்கு வருகை நூறு சதவீதம், அன்றைய மெசேஜ்களுக்கெல்லாம் ஐந்து நிமிடத்தில் பதில். என் பயனர் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்படியானால் எதைத்தான் அளப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கும் பட்டியல் என்னிடமே நாலைந்து இருக்கிறது.


பழைய_லேத்:

முதலில் அந்த டாஷ்போர்டை மூடுங்கள். அது காட்டுவது ஆட்கள் எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிகிறார்கள் என்பதை. வேலை நகர்கிறதா என்பது அதில் எங்கேயும் இல்லை. குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும், ஒரு அளவை இலக்காக வைத்துவிட்டால் அது அளவாக இருப்பதை நிறுத்திவிடும். நாங்கள் டிக்கெட் மூடுவதை எண்ண ஆரம்பித்த இரண்டாவது மாதமே ஆட்கள் "கூடுதல் விவரம் தேவை" என்று எழுதி மூடிவிட்டு அதே விஷயத்துக்குப் புது டிக்கெட் திறக்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை இரட்டிப்பானது, மேலே கைதட்டினார்கள், ஆலையில் அதே பாகம் அதே பிரச்சினையோடு ரேக்கில் கிடந்தது.

நான் அளப்பது இரண்டே விஷயம். ஒன்று கேள்வியின் வயது, அதாவது ஒரு கேள்வி எழுந்த நேரத்திலிருந்து அதைக் கேட்டவர் வேலையைத் தொடர முடிந்த நேரம் வரை. பதில் வந்த நேரத்தை எடுக்காதீர்கள், "பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் பதில்தான்.

இரண்டாவது, சுற்று. ஒரு கேள்வி முடிய எத்தனை தடவை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. உங்களுக்கு 7 மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு சுற்று என்பது கிட்டத்தட்ட ஒரு நாள். எங்களிடம் நடந்ததையே சொல்கிறேன். திங்கள்கிழமை மெஷினிஸ்ட் கேட்டது, "இந்தத் துளை முழுக்கத் துளைக்கணுமா, பாதியோடு நிற்கணுமா?" செவ்வாய் வந்த பதில், "எந்தத் துளை?" ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். புதன் வந்தது, "பாதியோடு, டிராயிங் பாருங்கள்." டிராயிங்கில் ஆழம் இல்லை என்பதால்தானே மனிதர் கேட்டதே! வியாழன், "18 மில்லிமீட்டர்." அது துளையின் ஆழமா, அதற்குள் போடும் மரையின் ஆழமா? வெள்ளிக்கிழமை முடிந்தது. ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தால் ஒன்றரை நிமிட வேலை. அந்த வாரம் முழுக்க ஒருவரும் சோம்பேறியாக இருக்கவில்லை, எல்லாரும் உடனுக்குடன் பதில் போட்டார்கள், உங்கள் டாஷ்போர்டில் இது பச்சையோ பச்சை.

சுற்று கூடினால் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். கேள்வி கேட்கத் தெரியவில்லை, அல்லது டிராயிங் அரைகுறை, அல்லது கேள்வி தப்பான ஆளிடம் போகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. நாங்கள் செய்தது சின்ன விஷயம். கேள்வியோடு பாக எண், ரிவிஷன், படம், "நான் நினைப்பது இது, சரியா?" என்ற ஒரு வரி, இந்த நாலும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று வைத்தோம். அந்தக் கடைசி வரி வந்த பிறகு நிறைய கேள்விகளுக்குப் பதில் வெறும் "சரி" என்று ஆகிவிட்டது.


அளவுக்கருவி:

லேத் சொன்னதற்கு மேலே ஒன்று. நான் க்வாலிட்டியில் இருப்பவன், எனக்கு முக்கியம் தப்பு எங்கே பிடிபட்டது என்பது. ஒவ்வொரு இ.சி.என்.னிலும் (டிராயிங் மாற்ற அறிவிப்பு) இரண்டு கட்டம் சேருங்கள். தப்பு பிறந்த இடம், பிடிபட்ட இடம். டிசைனில் பிறந்து டிசைன் ரிவ்யூவிலேயே பிடிபட்டால் அது குழு வேலை செய்வதன் அடையாளம். டிசைனில் பிறந்து, டூலிங்கைத் தாண்டி, ஆலையில் முதல் பீஸ் சி.எம்.எம்.மில் (அளவு சோதிக்கும் மெஷின்) ஏறியபோது பிடிபட்டால் அது இரண்டு எல்லையைக் கடந்து வந்திருக்கிறது. மாதத்துக்கு எத்தனை தப்பு இப்படி எல்லை தாண்டுகிறது என்பதுதான் என் ஒரே வரைபடம். ஃபிக்ஸ்சர் கதையும் இந்த வகைதான்.

காரணக் குறியீட்டை நிறைய வைக்காதீர்கள். எங்களிடம் ஒரு காலத்தில் 14 குறியீடு இருந்தது, பாதிக்கு மேல் "இதர" என்று வந்தது. இப்போது மூன்று: தகவல் இல்லை, தகவல் இருந்தது ஆனால் சேரவில்லை, தகவல் சேர்ந்தது ஆனால் வேறு மாதிரிப் புரிந்தது.

மூன்றாவது வகை எவ்வளவு கொடியது என்பதற்கு மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் போதும். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்த விண்கலம். லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு மென்பொருள் தள்ளுவிசைக் கணக்கை பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது, ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி தரப்பு அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். இரண்டு குழுவையும் தனித்தனியாக நம் டாஷ்போர்டில் போட்டிருந்தால் இரண்டும் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

உற்பத்தியில் பெரிய உதாரணம் ஏர்பஸ் ஏ380. ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வயர். ஹாம்பர்கில் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் பதிப்பு 4, துலூஸில் பதிப்பு 5. ஹாம்பர்கில் தயாரான வயர் கட்டுகளைத் துலூஸில் உடற்பகுதிக்குள் இழுத்தால் நீளம் போதவில்லை. 2006-இல் அந்தத் திட்டம் தடுமாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் உங்கள் அளவுகளில் "எல்லாரும் ஒரே மாடலைத்தான் திறக்கிறார்களா" என்பதும் இருக்கட்டும். மாதம் ஒரு முறை பத்து பாகத்தை எடுங்கள், மூன்று இடத்திலும் எந்த ரிவிஷன் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை. முதல் தடவை வரும் விடையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.


இரண்டாம்_ஷிஃப்ட்:

டிசைன் ஆட்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் ஆலையில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. நாங்களும் அந்த 23 பேரில் சேர்த்திதானா, இல்லை "கஸ்டமரா"?

ஒரு அளவு நான் சொல்கிறேன், காசு செலவே இல்லை. பேனாத் திருத்தம். மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிரிண்டில் ஆபரேட்டர் கையால் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று எண்ணுங்கள். எங்கள் மெஷின் பிரிவில் ஒரு பிராக்கெட்டின் பிரிண்ட் இருக்கிறது, எண்ணெய் பட்டுப் பழுப்பாகி, நாலு மூலையும் டேப் போட்டு. அதில் சிவப்பு பேனாவில் மூன்று திருத்தம். ஒரு ரேடியஸ் 3 இல்லை 5, ஒரு சாம்ஃபர் (சரிவாகச் சீவிய விளிம்பு) வேண்டாம், ஒரு அம்புக்குறி போட்டு "இந்தப் பக்கம் முதலில் கிளாம்ப் பண்ணு". மூன்றுமே சரி. மூன்றும் இல்லாமல் அந்தப் பாகம் வராது. ஒன்றுகூட சிஸ்டத்தில் இல்லை. எழுதினவர் லீவு போட்டால் அன்றைக்கு ஸ்கிராப்.

ஏன் சிஸ்டத்தில் ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். ஏற்றிப் பார்த்தோம். முதல் தடவை வந்த பதில், "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" இரண்டாவது தடவை ஒரு பதிலும் வரவில்லை. அதோடு சரி.


சராசரி_எதிரி:

ஷிஃப்ட் அண்ணன் சொன்னதுதான் இந்தத் திரியிலேயே உருப்படியான தகவல். அதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. அளக்க ஆரம்பித்ததும் தப்புகளின் எண்ணிக்கை ஏறும், அதைப் பார்த்து டைரக்டர் பதறக் கூடாது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் வரும் தவறுகளைப் பார்த்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது தலைகீழ், அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் மறைக்கவில்லை, அவ்வளவுதான். "பிரச்சினை பூஜ்யம்" என்று சொல்லும் இடத்தைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

அடுத்தது என் பெயருக்கு வருகிறேன். தயவுசெய்து சராசரி போடாதீர்கள். கேள்வியின் வயது எப்போதும் ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள கணக்கு. முப்பது கேள்வி ஒரு நாளில் முடியும், மூன்று கேள்வி ஒரு மாதம் இழுக்கும், சராசரி சுமார் நாலு நாள் என்று வரும், உண்மையில் நாலு நாளில் முடிந்த கேள்வி ஒன்றுகூட இருக்காது. இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போடுங்கள், அதோடு பத்தில் ஒன்பது கேள்வி எத்தனை நாளுக்குள் முடிகிறது என்பதைப் போடுங்கள். வலி முழுக்க அந்த இரண்டாவது எண்ணில் இருக்கும்.

23 பேர் குழுவில் வாரா வாரம் சிவப்பு, பச்சை மாற்றுவதும் வீண். இரண்டு கேள்வி கூடினாலே நிறம் மாறிவிடும். ஷூஹார்ட் என்ற பொறியாளர் 1924-இல் பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் கண்ட்ரோல் சார்ட்டைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான், எது வழக்கமான ஏற்ற இறக்கம், எது உண்மையான மாற்றம் என்று பிரிக்க. ஆலையில் ஷாஃப்ட் விட்டத்துக்கு அதைப் போடத் தெரிந்த நாம் நம் சொந்த வேலைக்கு மட்டும் டிராஃபிக் லைட் போட்டுக்கொள்கிறோம்.

தரவே இல்லை என்றால் லிட்டில் விதி இருக்கிறது, 1961-இல் நிரூபித்தது. சராசரியாகத் திறந்து கிடக்கும் கேள்விகளை வாரத்துக்கு முடியும் கேள்விகளால் வகுங்கள். 48 திறந்து கிடக்கிறது, வாரம் 12 முடிகிறது என்றால் ஒரு கேள்வி சராசரியாக 4 வாரம் காத்திருக்கிறது. வரவும் முடிவும் ஏறக்குறைய சமமாக இருக்கிற வரை இது சரியாக வரும். (சராசரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே சராசரி போடுகிறேன், தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு முதல் மதிப்பீடு வேண்டுமென்றால் வேறு வழியில்லை.)


வரைபலகை:

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன். நீங்கள் சொல்லும் எல்லாம் லீடுக்கு உதவும், டைரக்டருக்கு உதவாது. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: ஆட்கள் சிதறி இருப்பதால் நாம் எதையாவது இழக்கிறோமா? "சுற்று 3.2" என்று காட்டினால் "அதனால் என்ன" என்பார். ரிலீஸ் தேதி எத்தனை நாள் தள்ளியது, முதல் பீஸ் முதல் தடவையே பாஸானது எத்தனை சதவீதம், இந்த இரண்டையும் மேலே போடாமல் எந்தப் பக்கமும் ஓடாது.

இன்னொன்று. வர்ச்சுவல் என்றாலே குறை என்ற எண்ணத்தோடு அளக்காதீர்கள். 1990களின் கடைசியில் போயிங்-ராக்கெட்டைன், தன் குழுவோடு இன்னும் இரண்டு நிறுவனப் பொறியாளர்களைச் சேர்த்து, ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு ராக்கெட் இன்ஜின் பாகத்தை வடிவமைத்தது. வழக்கமாக 1,200 உதிரி வரும் இடத்தில் 6 உதிரியோடு முடித்தார்கள். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் நிலைமை சொர்க்கம் இல்லை. எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970களிலேயே அளந்து காட்டியது, இரண்டு பொறியாளர்களின் மேஜைகள் 50 மீட்டர் தள்ளிப் போனாலே பேச்சு அதலபாதாளத்துக்குப் போய்விடுகிறது என்று.

அப்புறம் ஆட்கள் மனநிலை? சர்வே வேண்டாமா?


பழைய_லேத்:

@வரைபலகை ரிலீஸ் தேதி மேலே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேதி தள்ளிப்போவதற்கு கஸ்டமர் மனம் மாறியது, ஸ்டீல் வரவில்லை, கப்பல் தாமதம் என்று ஆயிரம் காரணம் உண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்து டீமைத் திட்டினால் அடுத்த தடவை எல்லாரும் பத்து நாள் கூட்டியே தேதி சொல்வார்கள். தேதி மேலே, கேள்வியின் வயது அதற்குக் கீழே, ஒன்றுக்கொன்று சேர்ந்து நகர்கிறதா என்று ஆறு மாதம் பாருங்கள்.

சர்வே பற்றி: ஓரிடத்தில் ஐந்தே பேர் இருந்தால் பெயர் போடாத சர்வே என்பது வெறும் பேச்சு, எழுத்து நடையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "குழுவில் நம்பிக்கை 1 முதல் 5 வரை" என்று கேட்டால் எல்லாரும் 4 போடுவார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று, போன வாரம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றுபோன வேலை எது? பதிலாக எண் வராது, வேலையின் பெயர் வரும். அது போதும்.


ரிவிஷன்_டி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி.

மென்பொருள் எதுவும் தேடவில்லை. போன மாத மெயில், சேட், பி.எல்.எம். (டிராயிங், ரிவிஷன்களை வைத்திருக்கும் சிஸ்டம்) கமெண்ட் எல்லாவற்றிலிருந்தும் எல்லை தாண்டிப் போன 41 கேள்விகளைக் கையாலேயே ஒரு ஷீட்டில் ஏற்றினேன். ஒன்றரை நாள் ஆனது. இடைநிலை 2 நாள், இது டைரக்டருக்கே பிடிக்கும். ஆனால் 9 கேள்விகள் 8 நாளுக்கு மேல். அந்த 9-ஐ வரிசையாக வைத்துப் பார்த்தேன், 7 கேள்வி டேட்டம் அல்லது டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு விலகல்) மாற்றம். அந்த ஏழும் காத்திருந்தது ஒரே ஆளின் ஒப்புதலுக்கு.

அந்த ஆள் நான்தான்.

இரண்டு மணி நேரப் பொது நேரத்தில் பாதி மீட்டிங்கில் போகிறது என்று மேலே புலம்பினேன் இல்லையா, அந்த மீட்டிங்கை வைப்பதும் நான்தான். இந்த வாரத்திலிருந்து முதல் ஒரு மணி நேரம் மீட்டிங் கிடையாது, திறந்து கிடக்கும் கேள்வி மட்டும். 0.2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, பொருத்தத்தைப் பாதிக்காத மாற்றங்களுக்கு டூலிங் லீடே கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பலன் தெரிய இன்னும் சில வாரம் ஆகும், இப்போதே பெருமை பேசவில்லை.

டைரக்டர் பக்கத்தில் மேலே ரிலீஸ் தேதியும் முதல் பீஸ் பாஸும், கீழே கேள்வியின் வயது (இடைநிலையும் பத்தில் ஒன்பதும்), எல்லை தாண்டிய தப்புகள். நிறமே கிடையாது. "சிவப்பு எங்கே" என்றுதான் முதலில் கேட்டார்.

@இரண்டாம்_ஷிஃப்ட் உங்கள் யோசனைப்படி ஆலையில் ஒருவரைப் பிரிண்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 11 ஃபிக்ஸ்சர், 19 பேனாத் திருத்தம். ஒன்றில் தேதி போட்டிருக்கிறது, இரண்டு வருடம் பழசு. இப்போது என் சந்தேகம், இந்த 19-க்கும் இ.சி.என். போடப் போகிறேன், யார் பெயரில் போடுவது? எங்கள் பக்கம் டிசைனர் பெயரில்தான் போடுவது வழக்கம்.


இரண்டாம்_ஷிஃப்ட்:

பேனாவில் எழுதினவர் பெயரில் போடுங்கள். முடித்ததும் அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். புதுப் பிரிண்ட் வரும்போது பழையதை நீங்கள் கிழிக்கச் சொல்ல வேண்டாம், 19-ம் உள்ளே வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரே எடுத்துவிடுவார்.